நோட்டு யார் கையில்? சாதாரண அழைப்பு, வாட்ஸ்அப், சிக்னல், விபிஎன்: எது யாருக்கு?

நாகர்கோவிலில் ஃபோன் பழுதுபார்க்கும் சின்னக் கடை என்னுடையது. டிஸ்ப்ளே மாற்றக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் காத்திருக்கிறவர்கள் அந்த அரைமணி நேரத்தில் உலகத்துச் சந்தேகமெல்லாம் கேட்பார்கள். சமீபத்தில் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள்.

தக்கலையில் இருந்து வந்த ஓய்வுபெற்ற டீச்சர், மகன் ஷார்ஜாவில். "தம்பி, நாம பேசுறதையெல்லாம் கவர்மெண்டு ரெண்டு வருஷம் சேத்து வைக்குதாமே. வாட்ஸ்அப்பை விட்டுட்டு சிக்னலுக்கு மாறணுமா?" சிக்னல் என்பது வாட்ஸ்அப் மாதிரியே இன்னொரு செய்திச் செயலி.

கிள்ளியூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்ப் பையன் ஒருவன். அங்கே அணுக்கனிம மணல் எடுக்கும் திட்டத்தை எதிர்க்கும் ஊர்க் கமிட்டியில் இருக்கிறான். "அண்ணே, எங்க குரூப்பு டெலிகிராம்ல இருக்கு. அது பத்திரந்தானே?"

மூன்றாமவன் திங்கள்சந்தைக்காரன். துபாய்க்கு விசா வந்துவிட்டது. "நல்ல விபிஎன் ஒண்ணு போட்டுத் தாங்கண்ணே. எங்கயும் ஒண்ணும் பதிவாகக் கூடாது." விபிஎன் என்பது நம் இணையப் போக்குவரத்தை வேறொரு கம்பெனியின் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் வசதி.

மூவருக்கும் மூன்று பதில் சொன்னேன். ஏன் அப்படி என்பதை நின்று நிதானமாகச் சொல்லக் கடையில் நேரமில்லை. அதனால் இங்கே.

## சேர்த்து வைப்பது எதை?

இந்தக் கடை முன்பு பிரவுசிங் சென்டர். எட்டு கம்ப்யூட்டர், எட்டு பலகைத் தடுப்பு, மேசையில் ஒரு லாங் சைஸ் நோட்டு. வருகிறவரின் பெயர், முகவரி, அடையாள அட்டை விவரம், எந்த சிஸ்டம், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம். 2011இல் வந்த சைபர் கஃபே விதிகள் இந்த நோட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொன்னன.

ஒருநாள் மாலை மஃப்டியில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ ஒருவருக்கு மிரட்டல் மெயில் போயிருக்கிறது, அது என் கடை இணைப்பிலிருந்து போயிருக்கிறது. தேதியும் நேரமும் சொன்னார்கள். நோட்டைப் புரட்டினால் அந்த நேரத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். எட்டு கம்ப்யூட்டருக்கும் வெளியுலகத்தில் ஒரே ஐபி முகவரிதான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்), ஆகவே மூவரில் யார் என்று என் நோட்டுக்குத் தெரியாது. மூன்று பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதில் ஒரு பெண் வந்தது யூனிவர்சிட்டி ரிசல்ட் பார்க்க. அவள் அப்பா ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்றைக்கு நாடு முழுக்க நடப்பது அதே நோட்டுதான், அளவு மட்டும் வேறு. 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளின் உரிமத்தைத் திருத்தி, பதிவு வைக்க அதுவரை ஓராண்டாக இருந்த காலத்தை இரண்டு ஆண்டாக்கியது. ஃபோன் கம்பெனியும் இணைய கம்பெனியும் இரண்டு வகை நோட்டு வைக்கின்றன.

ஒன்று சி.டி.ஆர். ஊர்ப் பேச்சில் 'கால் லிஸ்ட்'. யார் யாரை அழைத்தார், எப்போது, எத்தனை நொடி, எந்த ஹேண்ட்செட், எந்த டவர். எஸ்எம்எஸ் போனதும் இதில் விழும். என்ன எழுதினீர்கள் என்பது விழாது.

இன்னொன்று ஐ.பி.டி.ஆர். உங்கள் இணைப்புக்கு எந்த நேரத்தில் எந்த ஐபி கொடுக்கப்பட்டது, அங்கிருந்து எந்த முகவரிக்குத் தொடர்பு போனது, எவ்வளவு டேட்டா ஓடியது. மொபைல் டேட்டாவில் ஒரே பொது ஐபியைப் பல பேர் ஒரே சமயத்தில் பகிர்கிறார்கள், என் கடையின் எட்டு சிஸ்டம் மாதிரி. அதனால்தான் அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நொடிக் கணக்கும் சேர்த்து எழுதப்படுகின்றன. அதில் ஒன்று பிசகினால் ரிசல்ட் பார்க்க வந்த பெண்ணின் கதைதான்.

உள்ளே என்ன பேசினீர்கள் என்பது வேறு கதவு. பேச்சை ஒட்டுக்கேட்கப் பொதுவாக ஒன்றிய அல்லது மாநில உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும். அதை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். 1996இல் மக்கள் சிவில் உரிமைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. 2024 டிசம்பரில் வந்த இடைமறிப்பு விதிகளிலும் இதே சட்டகம்தான். நோட்டுக்கு அவ்வளவு பெரிய பூட்டு கிடையாது. எஸ்.பி. அலுவலகம் வழியாக விசாரணை அதிகாரி கேட்டால் கம்பெனி எடுத்துக் கொடுக்கும்.

இந்த இரண்டாண்டு என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. அது 'குறைந்தது' இரண்டாண்டு. அதற்குப் பிறகு அழிக்கலாம் என்றுதான் இருக்கிறது. அழித்தே தீர வேண்டும் என்று இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை எல்லோர் பதிவையும் வைக்கச் சொன்ன 2006ஆம் ஆண்டு ஆணையை, 2014 ஏப்ரலில் அவர்கள் நீதிமன்றமே செல்லாது என்றது. குற்றத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர் பதிவையும் சேர்ப்பது அளவுக்கு மீறியது என்பது காரணம். பிரிட்டன் 2016 சட்டத்தில் 12 மாதம் வரை என்று வைத்திருக்கிறது, ஆஸ்திரேலியா 2 ஆண்டு. நம் நாட்டில் 2017இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டார்கள். நோட்டுகளோ அதற்குப் பிறகு தடித்தன, மெலியவில்லை.

## எதை வைத்து எடை போடுவது

டீச்சரிடம் நான் முதலில் கேட்டது, "யாருக்குத் தெரியக்கூடாதுன்னு நினைக்கிறீங்க?" அவர் யோசித்துவிட்டு, "அது… மருமகளுக்கு" என்றார். சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி அதுதான். கம்பெனிக்கா, போலீஸுக்கா, வளைகுடா அரசுக்கா, பக்கத்து வீட்டுக்கா, வீட்டுக்குள்ளேயா? ஆளுக்கு ஆள் விடை மாறும்.

அதற்குப் பிறகு நான் பார்க்கிறவை இவை. பேசியதன் உள்ளடக்கம் யாருக்குத் தெரியும். யாரோடு எப்போது பேசினோம் என்ற நோட்டு யார் கையில் இருக்கிறது, எத்தனை காலம். எதிர்முனையில் இருப்பவருக்கு அது முடியுமா. எழுபது வயது அம்மாவுக்குப் புதுச் செயலி பழக்குவதும் ஒரு செலவுதான். பணமாகவும் சட்டச் சிக்கலாகவும் பின்னால் வரும் செலவு என்ன. கடைசியாக, பலர் மறப்பது: நாளைக்கு இந்தப் பதிவு உங்களுக்கே சாட்சியாகத் தேவைப்படுமா?

## 1. சாதாரண அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும்

அந்தரங்கத்தில் கடைசி இடம். உள்ளடக்கத்துக்குக் கம்பெனியிடம் சாவி உண்டு, உத்தரவு வந்தால் கேட்க வைக்க முடியும். நோட்டோ முழுமையானது: எண், நேரம், டவர், ஹேண்ட்செட்.

டவர் விஷயத்தில் ஒன்று. அது உங்கள் வீட்டு வாசலைக் காட்டாது, ஒரு சுற்றுவட்டாரத்தைக் காட்டும். வடசேரி பேருந்து நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றவரும் பக்கத்தில் ஆர்ப்பாட்டத்தில் நின்றவரும் ஒரே டவரில் விழலாம். களியக்காவிளைப் பக்கம் எல்லைக்கு அப்பால் இருக்கிற கேரள டவரை ஃபோன் பிடித்துக்கொள்வது அங்கே குடியிருப்பவர்களுக்குப் பழகிய தொல்லை. வீட்டுத் திண்ணையில் இருந்து பேசியவர் நோட்டில் வேறு மாநிலத்தில் இருப்பார். 'டவர் லொகேஷன் பொய் சொல்லாது' என்று அடித்துப் பேசுகிறவர்களை எல்லையோரத்துக்கு ஒருமுறை கூட்டிப் போக வேண்டும்.

ஆனாலும் இதுவே சரியான தேர்வாகிற நேரம் உண்டு. வெளிநாட்டு வேலைக்குப் பணம் வாங்கிய ஏஜெண்ட், வட்டிக்குக் கொடுத்துவிட்டு மிரட்டுகிறவர், 'பேங்கில் இருந்து பேசுறோம்' என்று ஓடிபி கேட்டவர்: இவர்களோடு உங்களுக்கு நடந்த தொடர்புக்கு இரண்டாண்டு நோட்டு உங்கள் பக்கத்துச் சாட்சி. அவர் "எனக்கு இவரைத் தெரியவே தெரியாது" என்றால், 41 முறை அழைத்திருக்கிறார் என்று கம்பெனி நோட்டு காட்டும். அதை நீதிமன்றத்துக்கு வரவழைக்க வழக்கறிஞர் மனுப் போட வேண்டும், இரண்டாண்டு கடப்பதற்குள். பணம் பறிபோனால் சைபர் மோசடிக்கான 1930 எண்ணில் உடனே புகார் சொல்வதும் இதோடு சேர்ந்த வேலை.

இன்னொரு நேரமும் உண்டு. ஆள் காணாமல் போனால் முதலில் தேடுவது கடைசி டவரைத்தான். 2017 ஒக்கிப் புயலில் ஆழ்கடலுக்குப் போயிருந்த தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை ஊர்க்காரர்களைத் தேடியபோது அதுவும் கை கொடுக்கவில்லை, கடலுக்குள் டவரே இல்லை. கரையில் அது பல உயிரைக் காப்பாற்றுகிற பதிவு. நோட்டே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டாததற்கு இது ஒரு காரணம்.

மறைமுகச் செலவு: வளைகுடா அழைப்புக்கு ஐ.எஸ்.டி. கட்டணம். மற்றபடி ஒன்றுமில்லை. பட்டன் ஃபோன் வைத்திருக்கும் தாத்தாவுக்கும் எட்டும் ஒரே வழி இதுதான்.

## 2. வாட்ஸ்அப்

2016இலிருந்து செய்தியும் அழைப்பும் இருமுனைக்கும் நடுவில் பூட்டப்பட்டுப் போகின்றன. நடுவில் இருக்கும் கம்பெனிக்கும், ஜியோவோ ஏர்டெலோ பிஎஸ்என்எல்லோ யாராயினும் சரி, உள்ளே இருப்பது தெரியாது. அதனால் 'வாட்ஸ்அப்பை எல்லாம் சேத்து வைக்கிறாங்க' என்று சொல்வது பாதி தவறு. சேத்து வைக்கப்படுவது நீங்கள் வாட்ஸ்அப் சர்வரோடு எப்போது எவ்வளவு டேட்டா பரிமாறினீர்கள் என்பது.

பாதி சரி என்பதற்குக் காரணம் மூன்று.

முதலாவது, மெட்டா நிறுவனத்திடம் இன்னொரு நோட்டு இருக்கிறது. உங்கள் எண், எந்தெந்தக் குழு, எப்போது ஆன்லைன், எந்த ஐபி. சட்டப்படி கேட்டால் கணக்கு விவரத்தை அது கொடுக்கும். ஆக ஒரு நோட்டு இரண்டாகிறது. ஒன்று இந்தியக் கம்பெனியிடம், ஒன்று அமெரிக்கக் கம்பெனியிடம்.

இரண்டாவது அதிகம் பேருக்குத் தெரியாது. வாட்ஸ்அப் அழைப்பு பெரும்பாலும் இரண்டு ஃபோனுக்கும் இடையில் நேராக ஓடும், குரல் தெளிவாக இருக்க வேண்டும் என்பதற்காக. அப்போது எதிர்முனையின் ஐபி முகவரி உங்கள் கம்பெனியின் ஐ.பி.டி.ஆரில் விழுகிறது. இரு பக்கத்து நோட்டையும் நேரத்தை வைத்துப் பொருத்தினால் யாரோடு யார் பேசினார் என்று எடுத்துவிடலாம். புலனாய்வில் இது நடைமுறையில் உள்ள வேலை. 2023 முதல் அமைப்புகளில், பிரைவசிக்குள், அட்வான்ஸ்டு என்ற பகுதியில் அழைப்புகளில் ஐபி முகவரியைப் பாதுகாக்கும் விருப்பம் இருக்கிறது. அதைப் போட்டால் அழைப்பு வாட்ஸ்அப் சர்வர் வழியாகச் சுற்றிப் போகும். பஹ்ரைன் வரை பேசினால் லைன் கொஞ்சம் இழுக்கும். வீட்டுச் செய்தி பேசுகிறவருக்கு அவசியமில்லை. வழக்கறிஞரோடு பேசுகிறவருக்கு அவசியம்.

மூன்றாவது பேக்கப். பூட்டிய செய்தியை அனுப்பிவிட்டு அதன் நகலைப் பூட்டாமல் கூகுள் டிரைவில் போட்டு வைப்பது, பீரோவைப் பூட்டிச் சாவியை அதன் மேலேயே வைக்கிற வேலை. 2021 அக்டோபரில் இருந்து பேக்கப்பையும் பூட்டும் வசதி உண்டு, ஆனால் நாமாகப் போய்ப் போட வேண்டும். என் கடைக்கு வருகிற ஃபோன்களில் அதைப் போட்டு வைத்திருப்பவரை விரல்விட்டு எண்ணலாம். இதன் விலை: அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பேக்கப் போயே போச்சு, நானும் மீட்டுத் தர முடியாது. எழுதி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள்.

பெரிய உண்மை வேறொன்று. இந்த மாவட்டத்தில் நான் பார்த்த வரையில் சாட் வெளியே வந்தது எல்லாம் கம்பியில் இருந்து அல்ல, ஃபோனில் இருந்து. ஒருவர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்தார். ஒருவர் ஃபோனைப் போலீஸ் வாங்கி வைத்தது. ஒருவர் பழைய ஃபோனை அழிக்காமல் விற்றார்.

வாட்ஸ்அப்பின் மேல் தொங்கும் வழக்கு ஒன்றும் உண்டு. 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடித்துச் சொல்லக் கேட்கின்றன. அப்படிச் செய்யப் பூட்டை உடைக்க வேண்டும் என்று கம்பெனி டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்காடுகிறது. பூட்டை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டுப் போகவேண்டி வரும் என்று 2024இல் அங்கே சொன்னது.

வளைகுடாக் குடும்பங்களுக்கு இன்னொரு செலவு. 2025 நவம்பர் 28 அன்று தொலைத்தொடர்புத் துறை, இத்தகைய செயலிகள் எந்த சிம் எண்ணில் பதிவானதோ அந்த சிம் ஃபோனில் இருந்தால்தான் ஓட வேண்டும் என்றும், கம்ப்யூட்டரில் திறந்த வாட்ஸ்அப் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியேறிவிட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஊர் சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் போட்டுவிட்டு அந்த எண்ணிலேயே வாட்ஸ்அப் ஓட்டும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த எண்ணைச் சாகவிடாதீர்கள்.

## 3. சிக்னல்

பூட்டு அதே பூட்டு. வாட்ஸ்அப் பயன்படுத்துவதே சிக்னல் உருவாக்கிய முறைதான். வித்தியாசம் நோட்டில். 2016இல் அமெரிக்காவில், வர்ஜீனியாவில் நடந்த ஃபெடரல் விசாரணையில் சம்மன் ஒன்று சிக்னலிடம் ஒரு கணக்கைப் பற்றிக் கேட்டபோது அவர்களால் கொடுக்க முடிந்தது இரண்டே தகவல்: கணக்கு தொடங்கிய நாள், கடைசியாக இணைந்த நாள். யாரோடு பேசினார் என்பதை அவர்கள் எழுதி வைக்கவே இல்லை. எழுதாத நோட்டை யாரும் கேட்டு வாங்க முடியாது. எனக்கு இந்தச் செயலியில் பிடித்தது இந்த ஒன்றுதான், மற்ற அலங்காரம் எல்லாம் அப்புறம்.

ஆனால் உங்கள் இணைய கம்பெனியின் நோட்டில் 'இந்த நேரத்தில் சிக்னல் சர்வரோடு தொடர்பு' என்ற வரி இருக்கும். பத்து பேர் கமிட்டியில் பத்து பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த வரி விழுந்தால் அதுவும் ஒரு செய்தி. ஊரில் எல்லோரும் வேட்டி கட்டியிருக்க ஒருத்தன் மட்டும் கோட்டு போட்டு நடப்பது போல, சிக்னல் வைத்திருப்பதே கண்ணில் படும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இந்தப் பயத்தை நான் முழுக்கத் தள்ளிவிட மாட்டேன். கூடங்குளம் போராட்டக் காலத்தில் கடலோர மக்கள் ஆயிரக்கணக்கானோர் மேல் வழக்குப் பாய்ந்ததைப் பார்த்த கரை இது.

மறைமுகச் செலவுகள்: எதிர்முனையிலும் சிக்னல் வேண்டும். கணக்குத் தொடங்க ஃபோன் எண் வேண்டும், இருந்தாலும் 2024 முதல் எண்ணை மறைத்துப் பெயர் மட்டும் காட்டலாம். தானாக இணையத்தில் நகல் எடுக்காது, நாமாகப் போய்ப் பேக்கப் போட்டு வைக்காவிட்டால் ஃபோன் கடலில் விழும்போது பேச்சும் கடலோடு. தானாக மறையும் செய்தி நல்ல வசதி. ஆனால் வழக்கு வந்த பிறகு, சாட்சியாகக் கேட்கப்படக் கூடியதை அழித்தால் அது தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 241ஆம் பிரிவு. மறையும் அமைப்பை முதல் நாளிலேயே எல்லோருக்கும் பொதுவாகப் போட்டுவிடுங்கள். நோட்டீஸ் வந்த அன்று போட்டால் அர்த்தம் வேறு.

டெலிகிராம் பற்றிக் கேட்ட தம்பிக்கு இங்கேயே பதில். டெலிகிராம் குழுக்கள் இருமுனையில் பூட்டப்பட்டவை அல்ல. பேச்சு அவர்கள் சர்வரில் இருக்கிறது, சாவியும் அவர்களிடம். 'சீக்ரெட் சாட்' என்பது இரண்டு பேருக்கு மட்டும், அதுவும் தனியாகத் திறந்தால்தான். 2024 செப்டம்பரில், சட்டப்படி கேட்டால் ஃபோன் எண்ணும் ஐபியும் கொடுப்போம் என்று கொள்கையை மாற்றிக்கொண்டார்கள். சினிமா இறக்க நல்ல செயலி.

## 4. விபிஎன்

கடையில் அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இது. விபிஎன் போட்டால் உங்கள் இணைய கம்பெனியின் நோட்டில் எல்லாத் தளமும் மறைந்து 'இந்த விபிஎன் சர்வரோடு தொடர்பு' என்ற ஒரே வரி மிஞ்சும். ஆனால் நீங்கள் போகும் இடமெல்லாம் விபிஎன் கம்பெனிக்குத் தெரியும். நோட்டு கிழிபடவில்லை, கை மாறியிருக்கிறது. ஜியோவிடம் இருந்து, நீங்கள் முகம் பார்த்திராத ஒருவரிடம்.

அந்த ஒருவர் யார் என்பதில் 2022 பெரிய மாற்றம். ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், விபிஎன் கம்பெனிகள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், கொடுத்த ஐபி, எதற்காக வாங்கினார் என்பது வரை எழுதி, கணக்கு முடிந்த பிறகும் 5 ஆண்டு வைக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ், சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் போன்றவை அதற்கு இணங்காமல் இந்தியாவில் இருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஃபோன் கம்பெனிக்கு 2 ஆண்டு, இந்திய விபிஎன் கம்பெனிக்கு 5 ஆண்டு. மறைக்க வாங்கிய சாமான் கூடுதல் காலம் நினைவு வைத்திருக்கும்.

இலவச விபிஎன் வேண்டவே வேண்டாம். 2020 ஜூலையில் ஹாங்காங்கைச் சேர்ந்த ஏழு விபிஎன்கள், 'நாங்கள் பதிவே வைப்பதில்லை' என்று விளம்பரம் செய்தவை, வைத்திருந்த பதிவெல்லாம் பூட்டில்லாத சர்வரில் வெளியே கிடந்தது. அதற்கு முன் 2015இல் ஹோலா என்ற இலவச விபிஎன் பயனர்களின் இணைப்பையே மற்றவர்களுக்கு விற்றது தெரியவந்தது. உங்கள் ஐபியில் எவனோ உலாவினால், போலீஸ் நோட்டைப் புரட்டி வருவது உங்கள் வீட்டுக்கு. என் கடைக் கதை மறுபடியும்.

துபாய் தம்பிக்கு விபிஎன் போட்டுக் கொடுக்கவில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது, அதற்காகத்தான் எல்லோரும் விபிஎன் தேடுகிறார்கள். குற்றம் செய்யவோ அதை மறைக்கவோ விபிஎன் வழியாக ஐபியை மாற்றினால் அங்கே அபராதம் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம். தடுத்த அழைப்பைச் சுற்றிப் போவது அந்தக் கணக்கில் சேருமா என்று வாதாட நம் பையனிடம் வக்கீல் பீஸ் இல்லை. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற செயலியில் பேசட்டும். அங்கே நோட்டு அந்த நாட்டுச் சட்டத்தின் கைக்கு எட்டும் என்பதை மனதில் வைத்துப் பேசட்டும்.

விபிஎன் நல்லதாகிற இடம்: ரயில் நிலைய வைஃபை, லாட்ஜ் வைஃபை, மாணவர் விடுதி. பக்கத்தில் இருப்பவனும் வைஃபைக்காரரும் எட்டிப் பார்க்காமல் இருக்க. அதற்கு மாதாமாதம் காசு கொடுக்கும், பதிவு வைக்காததை வெளித் தணிக்கையில் காட்டிய கம்பெனி வேண்டும். சில வங்கிச் செயலிகள் விபிஎன் ஓடும்போது திறக்காது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலை விரிவாக எடுக்கவில்லை. ஜிமெயிலின் சாவி கூகுளிடம், அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| | உள்ளடக்கம் | நோட்டு யாரிடம் | மறைமுகச் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|
| சாதாரண அழைப்பு | உத்தரவு வந்தால் கேட்கலாம் | ஃபோன் கம்பெனி, குறைந்தது 2 ஆண்டு | ஐ.எஸ்.டி. கட்டணம் | சாட்சி தேவைப்படும் விவகாரம், முதியவர்கள் |
| வாட்ஸ்அப் | பூட்டியது. பேக்கப் கவனம் | இணைய கம்பெனி, மெட்டா | பேக்கப் பாஸ்வேர்டு, ஊர் சிம் | குடும்பம், வியாபாரம் |
| சிக்னல் | பூட்டியது | இணைய கம்பெனியிடம் ஒரு வரி. சிக்னலிடம் ஏறக்குறைய இல்லை | எல்லோரையும் மாற்றுவது, தானாக நகல் எடுக்காமை | கமிட்டி, வழக்கறிஞர், நிருபர் |
| விபிஎன் | தளத்தைப் பொறுத்தது | விபிஎன் கம்பெனி. இந்தியாவில் என்றால் 5 ஆண்டு | சந்தா, வளைகுடாச் சட்டம் | பொது வைஃபை |

## மூவருக்கும் சொன்னது

டீச்சரைச் செய்திக்கும் போட்டோவுக்கும் வாட்ஸ்அப்பிலேயே இருக்கச் சொன்னேன். ஷார்ஜாவும் அமீரகம்தான், ஆகவே மகனோடு பேச அங்கே அனுமதி உள்ள செயலி. பேக்கப் பூட்டை நானே போட்டுக் கொடுத்தேன், வாட்ஸ்அப் தரும் 64 இலக்கச் சாவிக்குப் பதில் அவருக்கு நினைவிருக்கும் ஒரு பாஸ்வேர்டு. மகனுடைய ஊர் எண்ணுக்கு மறக்காமல் ரீசார்ஜ். சிக்னலுக்கு மாறினால் அவருக்குக் கிடைப்பது குறைவு, இழப்பது பேத்தி அனுப்பும் போட்டோக்கள். மருமகள் விஷயத்துக்கு ஃபோன் லாக்கை மாற்றினோம். அதுவரை 1234.

கமிட்டித் தம்பிக்கு இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு, மனு கொடுக்க யார் வருகிறார்கள் என்பதெல்லாம் ஒளிக்க வேண்டியதே இல்லை. அது வாட்ஸ்அப் குழுவில் போகட்டும், எல்லோரும் பார்க்கட்டும். சட்டப்படி செய்வதை ஒளித்துச் செய்தால் சந்தேகம்தான் வளரும். வழக்கறிஞரோடு பேசுவதும், மிரட்டல் வந்த குடும்பங்களின் விவரமும் சிக்னலில், ஒரு வாரத்தில் மறையும்படி. டெலிகிராம் குழுவை மூடச் சொன்னேன். "குரூப்புல 300 பேரு இருக்காங்கண்ணே" என்றான். முந்நூறு பேர் இருக்கும் குழுவில் ரகசியம் என்று ஒன்று எந்தச் செயலியிலும் இல்லை என்று சொன்னதும் தலையைச் சொறிந்தான்.

திங்கள்சந்தைத் தம்பியின் ஃபோனில் ஏற்கெனவே இரண்டு இலவச விபிஎன் கிடந்தன. விமானம் ஏறும் முன் இரண்டையும் எடுத்துவிட்டேன். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இருந்து போட்டிமில் கூப்பிட்டுப் பார்த்தான், அவன் அம்மாவுக்கு எடுக்கத் தெரியவில்லை. அடுத்த நாள் அவர் ஃபோனோடு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.